இரணியலில் டீசலும் மின்சாரமும்
1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி ரயில் பாதை திறக்கப்பட்ட பின் பல்லாண்டுகள் இங்கே ஓடிய டபிள்யூ.டி.எம்-2, 16 சிலிண்டர்களும் 2,600 குதிரைத்திறனும் கொண்ட டீசல் இன்ஜின் ஆகும். குமரி மாவட்டத்து இரணியல் நிலையத்திலிருந்து அது புறப்படும்போது, இன்ஜினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போசார்ஜர் வேகம் பிடிக்கும் வரை கரும்புகை தென்னை ஓலைகளுக்கு மேலே எழும். நடைமேடையின் கல் இருக்கை அதிர்வதை உள்ளங்கையில் உணர்ந்தபடி சிறுவர்களாகிய நாங்கள் அமர்ந்திருப்போம்.

இன்று வரும் டபிள்யூ.ஏ.பி-7 மின்சார இன்ஜினுக்கு 6,000-க்கும் மேற்பட்ட குதிரைத்திறன் உண்டு. அது 25,000 வோல்ட் கம்பியிலிருந்து மின்சாரம் பெற்றுப் புகையின்றி விரைவதுடன், பிரேக் பிடிக்கையில் மின்சாரத்தைக் கம்பிக்கே திருப்பியும் அளிக்கிறது. பயணிகளுக்கும் ஊர்க்காற்றுக்கும் இதுவே மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வண்டி கண்ணுக்குத் தெரியும் முன்பே, ஓசையை வைத்து இன்ஜினின் வகையைச் சொல்லும் பழக்கத்தை டீசல்தான் எங்களுக்குக் கற்றுத் தந்தது.