வெளிநாட்டு உதவி: வெட்டலாமா, தொடரலாமா?

செட்டிநாட்டு வணிகக் கணக்கில் மகமை என்று லாபத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்குத் தனியாக எடுத்து வைப்பார்கள். பர்மா, இலங்கை என்று கடல் கடந்து கடை வைத்தவர்களும் அதை விடவில்லை. ஒரு நாடு பிற நாடுகளுக்குத் தரும் உதவியையும் காரைக்குடிக்காரர்கள் அப்படித்தான் பார்ப்போம்.

வெட்டச் சொல்பவர்களின் வாதம் எளிது: வரிப்பணம் முதலில் உள்ளூருக்கு. பிரிட்டன் 2021-ல் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதமாக இருந்த உதவியை 0.5 ஆக்கியது. 2027-ல் 0.3 ஆக்கி, மிச்சத்தை ராணுவத்துக்குக் கொடுக்கப் போவதாக அறிவித்தது. சரி, அது அவர்கள் பணம். ஆனால் இவ்வளவு சிறிய பங்கை வெட்டி உள்ளூர்ப் பற்றாக்குறை தீரும் என்பதை நம்ப முடியவில்லை.

தொடர்வதில் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. 2022-ல் இலங்கை எரிபொருளுக்கும் மருந்துக்கும் திண்டாடியபோது இந்தியா சுமார் 400 கோடி டாலர் அளவுக்குக் கைகொடுத்தது. பெரும்பகுதி கடன்தான், இனாம் இல்லை. தமிழ்நாடு தனியாக அரிசி, பால்பவுடர், மருந்து அனுப்பியது. பக்கத்து நாடு நொடித்துப்போனால் அகதிகள் வருவது ராமேசுவரம் கரைக்குத்தானே? போன பணம் அதிகாரிகள் கையில் சிக்கும் என்ற புகாரும் பொய்யில்லை. அதற்குக் கணக்குக் கேட்கலாம்.

என் ஓட்டு தொடர்வதற்கே. குறைத்தே ஆக வேண்டுமென்றால் படிப்படியாகக் குறைக்கட்டும். 2025-ல் அமெரிக்கா திடீரென்று நிறுத்தியபோது ஆப்பிரிக்காவில் எச்ஐவி சிகிச்சை மையங்கள் பல முடங்கின.