தாம்பரமா, ஓஎம்ஆரா, ஆவடியா? குடும்பத்தோடு சென்னைக்கு மாறுகிறவர்களுக்கு ஓர் அலசல்

சென்னையில் வேலை என்று உறுதியானதும் முக்கால்வாசிப் பேர் முதலில் செய்வது, ஆபீஸ் எங்கே என்று பார்த்து அதற்குப் பக்கத்தில் வீடு தேடுவதுதான். தனி ஆளுக்கு அது சரி. பிள்ளைகள், வருஷத்தில் பாதி நாள் வந்து தங்கும் அப்பா அம்மா என்று ஒரு குடும்பமே கிளம்பி வரும்போது அந்தக் கணக்கு போதாது. ஆபீஸ் போகிறவர் ஒருவரோ இருவரோ காலையில் கிளம்பி இரவில்தான் திரும்பப் போகிறார்கள். அந்த ஊரில் பகல் முழுக்க வாழப்போவது மற்றவர்கள். அதனால் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: காரோட்டும் ஆள் வீட்டில் இல்லாத நேரத்தில், பாட்டியோ ஒன்பதாவது படிக்கும் பிள்ளையோ யார் தயவும் இல்லாமல் வெளியே போய்விட்டு வர முடியுமா?

இந்தக் கண்ணோடு மூன்று பகுதிகளை ஒப்பிடலாம். தெற்கே தாம்பரம், சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், பெருங்களத்தூரையும் இதோடு சேர்த்துக்கொள்கிறேன். தென்கிழக்கே ஓஎம்ஆர் எனும் பழைய மகாபலிபுரம் சாலை, அதாவது சோழிங்கநல்லூர் தொடங்கி நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் வரை. மேற்கே ஆவடி, திருமுல்லைவாயல், பட்டாபிராம் உட்பட. போரூர், பூந்தமல்லி பக்கம் மெட்ரோவால் எல்லாக் கணக்கும் மாறிக்கொண்டிருக்கிறது, அதை இங்கே தொடவில்லை.

ரயிலில் தொடங்குவோம், ஏனென்றால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தூரம், ஒரு மணி நேரத்துக்குள் பயணம், சாதாரண டிக்கெட் 10 ரூபாய். இந்தப் பாதை போகும் இடங்களைப் பாருங்கள்: கிண்டி, மாம்பலம், எழும்பூர், பூங்கா. தி.நகரில் துணி எடுக்க, எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போக, கல்லூரிக்குப் போக என்று ஒரு குடும்பத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி அதே தண்டவாளத்தில் இருக்கிறது. பரங்கிமலையில் இறங்கினால் மெட்ரோ. 2025 ஏப்ரலில் இந்தப் பாதையில் ஏசி ரயிலும் வந்துவிட்டது. டிக்கெட் விலை அதிகம், வெயில் நாளில் வயதானவர்களுக்கு அது தப்பில்லாத செலவு.

ஆவடியும் ரயில் ஊர்தான். அரக்கோணம் பாதையில் அம்பத்தூர், வில்லிவாக்கம், பெரம்பூர் வழியாக சென்ட்ரலுக்கு முக்கால் மணி நேரத்தில் வந்துவிடலாம். ஆனால் தி.நகர், அடையாறு, கிண்டி என்று நகரத்தின் தெற்குப் பாதியில் வேலை இருந்தால் சென்ட்ரலில் இறங்கி, சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்தில் வேறு ரயில் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் மெட்ரோ மாற வேண்டும். நமக்கு அது பெரிய விஷயமில்லை. முட்டி வலி உள்ளவரோடு இரண்டு முறை போய்ப் பாருங்கள், தெரியும்.

ஓஎம்ஆரில் ரயில் கிடையாது. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் ஐடி பூங்கா வரை வரவேண்டிய மெட்ரோ தடத்தின் தூண்கள்தான் சாலை நடுவே தெரிகின்றன. 102, 570 பஸ்கள் நம்பகமானவைதான். சிக்கல் பஸ்ஸில் ஏறிய பிறகு வருவதில்லை, பஸ் ஸ்டாப்புக்கு வந்து சேர்வதில்தான். பெரிய குடியிருப்புகள் பல மெயின் ரோட்டிலிருந்து ஒன்று, இரண்டு கிலோமீட்டர் உள்ளே இருக்கின்றன. நடைபாதை இருக்காது, ஷேர் ஆட்டோ எல்லாப் பக்கமும் திரும்பாது. கறிவேப்பிலைக்குக்கூட போனில் ஆர்டர் போட்டுவிட்டுக் காத்திருக்கும் வாழ்க்கை. விளம்பரப் பலகையில் 'பள்ளி, மருத்துவமனை, மால் எல்லாம் 10 நிமிடத்தில்' என்று போட்டிருப்பார்கள். கார் இருக்கும் 10 நிமிடம் அது.

சரி, ஓஎம்ஆருக்கு ஒரு நியாயமும் செய்ய வேண்டும். பத்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு கேட்டட் கம்யூனிட்டி மாதிரி வசதி தாம்பரத்திலும் ஆவடியிலும் எளிதில் கிடைக்காது. வண்டி பயமில்லாமல் விளையாட இடம், அதே வயதில் நாற்பது பிள்ளைகள், சாயங்காலம் பெஞ்சில் பேச்சுத்துணைக்கு நாலு தாத்தாக்கள். பெங்களூரிலிருந்தோ புனேயிலிருந்தோ வருகிறவர்கள் வந்த வாரத்திலேயே ஒட்டிக்கொள்வார்கள், ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரரும் வெளியூர்தான். பிள்ளைக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதானபின்தான் அதே காம்பவுண்டு சுவர் சிறையாகத் தெரிய ஆரம்பிக்கும். டியூஷனுக்கு, நண்பன் வீட்டுக்கு, கிரிக்கெட் கோச்சிங்குக்கு என்று ஒவ்வொன்றுக்கும் அப்பாவோ அம்மாவோ டிரைவர்.

அடுத்தது தண்ணீர். இதில் இரண்டு கேள்விகள்: மழையில் எவ்வளவு வரும், கோடையில் எவ்வளவு வராது.

மழையைப் பொறுத்தவரை மூன்று பகுதிகளில் எதுவும் தப்பித்ததாகச் சொல்ல முடியாது. தெருவுக்குத் தெரு மாறும். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் பதிவானது 49 செ.மீ. மேற்குத் தாம்பரத்தைத் தாண்டி முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்றின் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. அங்கே இன்றும் வீடு மலிவாகக் கிடைத்தால் காரணத்தை யோசித்துக்கொள்ளுங்கள். கிழக்குத் தாம்பரம் பொதுவாக மேடு என்றாலும் சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் ஓரத்தில் கவனம் வேண்டும். தென்சென்னையின் ஏரிகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிந்து கடைசியில் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகின்றன. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி வழியாக பக்கிங்ஹாம் கால்வாய்க்கும், பிறகு கோவளம் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். அத்தனை பெரிய பரப்பின் நீரும் வடிய ஒரு மடுவுதான் வழி என்றால் நடுவில் உட்கார்ந்திருக்கும் பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, தாழம்பூர் பகுதிகளின் நிலை என்ன? 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணை சுற்றுவட்டாரத்தில் படகு விட்டார்கள். அந்தச் சதுப்பு நிலம் 2022-இல்தான் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் அதன் பெரும்பகுதியில் நாம் வீடு கட்டி முடித்திருந்தோம்.

ஆவடியில் வெள்ளச் செய்திகள் குறைவு, ஆனால் தேங்கும் தண்ணீர் உண்டு, தாழ்ந்த நகர்களில் வடிய நாள் பிடிக்கும். கிழக்கே அம்பத்தூர், கொரட்டூர் ஏரிப் பக்கம் போனால் நிலைமை இன்னும் மோசம்.

வீடு பார்க்கப் போகும்போது புரோக்கரிடம் 'தண்ணீர் நிக்குமா' என்று கேட்பதில் பயனில்லை. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரரைக் கேளுங்கள். மீட்டர் பெட்டியைப் பாருங்கள்: பழைய வீட்டில் அதைப் பெயர்த்துத் தலைக்கு மேல் உயரத்தில் மாட்டியிருந்தால் அந்த வீட்டின் வரலாறு அதிலேயே இருக்கிறது. ரோடு போட்டுப் போட்டு உயர்ந்து, வாசல் பள்ளமாகிப்போன வீடுகளை, எவ்வளவு அழகாக இருந்தாலும், விட்டுவிடலாம்.

கோடைத் தண்ணீரில் ஓஎம்ஆர்தான் பின்தங்குகிறது. கால்வாய் ஓரத்தில் போர் தண்ணீர் உப்பு. பல குடியிருப்புகள் லாரியை நம்பியே இருக்கின்றன, அதன் செலவு மெயின்டனன்ஸில் வந்து நிற்கும். 2019 கோடையில் ஏரிகள் வற்றியபோது இந்தச் சாலையின் ஐடி கம்பெனிகள் சில, ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொன்னது நினைவிருக்கலாம். வீட்டிலும்தான் தண்ணீர் இல்லை என்பது வேறு விஷயம். பக்கத்திலேயே நெம்மேலியில் 2013 முதல் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை இருக்கிறது, 2024-இல் 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்தது. ஆனால் அந்தக் குழாய் உங்கள் சம்ப்புக்கு, அதாவது நிலத்தடித் தொட்டிக்கு, வந்துவிட்டதா என்பது குடியிருப்புக்குக் குடியிருப்பு மாறும். அசோசியேஷன் ஆட்களிடம் ஏப்ரல், மே மாத மெயின்டனன்ஸ் பில்லைக் காட்டச் சொல்லுங்கள். தாம்பரம், ஆவடியில் தனி வீடுகளில் போர் தண்ணீர் ஓரளவு கைகொடுக்கும், குடிக்க கேன்தான். பாதாளச் சாக்கடை இல்லாத தெருக்கள் இரண்டிலும் உண்டு. செப்டிக் டேங்க் லாரிக்கு வருஷத்தில் எத்தனை முறை சொல்ல வேண்டியிருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் கேட்டுவிடுவது நல்லது.

நிர்வாகம் என்ற சலிப்பூட்டும் விஷயத்தை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஆவடி 2019-லும் தாம்பரம் 2021-லும் மாநகராட்சி ஆகிவிட்டன. ஓஎம்ஆரில் செம்மஞ்சேரி வரை 2011 முதல் சென்னை மாநகராட்சி. நாவலூரிலிருந்து செங்கல்பட்டு மாவட்ட ஊராட்சிகள். இருபது மாடிக் கட்டடத்தில் இருப்பீர்கள், தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஊராட்சியில் போய்ச் சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடம். மத்திய அரசு ஊழியர் என்றால் ஆவடிக்குத் தனி மதிப்பு. 1961-இல் வந்த டாங்கி தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் அது. பாதுகாப்புத் துறை நிறுவனங்கள் நிறைய, அவற்றை ஒட்டி கேந்திரிய வித்யாலயாக்களும் ஒன்றுக்கு மேல் இருக்கின்றன. சேர்க்கையில் மாற்றலில் வரும் மத்திய அரசு ஊழியரின் பிள்ளைகளுக்குத்தான் முன்னுரிமை. தாம்பரத்திலும் விமானப்படைத் தளத்தை ஒட்டி உண்டு. மற்றவர்களுக்கு, தாம்பரத்தில் நடுத்தரக் கட்டணத்தில் பழைய பள்ளிகள் பல, பிள்ளை நடந்தோ சைக்கிளிலோ போகும் தூரத்தில். ஓஎம்ஆரில் பள்ளிகளுக்குக் குறைவில்லை, கட்டணம்தான் கண்ணைக் கட்டும். எங்கே என்றாலும் சீட் உறுதியான பிறகு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுங்கள். வேன் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்க மறக்காதீர்கள். பள்ளி எட்டு கிலோமீட்டர்தான் இருக்கும், வேன் ஊரைச் சுற்றிப் போய்ச் சேர ஒரு மணி நேரம் எடுக்கும்.

யாரும் கணக்கில் எடுக்காத ஒன்று: உங்கள் சொந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது? தீபாவளி, பொங்கல், கல்யாணம், காதுகுத்து, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று வருஷம் முழுக்க போகவேண்டியிருக்கும். திருச்சி, மதுரை, நெல்லை ஆட்கள் காலங்காலமாகத் தாம்பரத்தைச் சுற்றியே குடியேறியதற்குக் காரணம் இருக்கிறது. பாண்டியன், வைகை, நெல்லை, பொதிகை ரயில்கள் எல்லாம் அங்கே நிற்கும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தபின் தென்மாவட்ட பஸ்களும் பக்கத்தில் வந்துவிட்டன. பழைய பஸ் நிலையமான கோயம்பேட்டை நம்பி வீடு வாங்கியவர்கள் முணுமுணுத்த அதே வேளையில் ஊரப்பாக்கத்தில் வாடகையை ஏற்றினார்கள். கோவை, சேலம், வேலூர் ஆட்களுக்கு இந்த லாபம் ஆவடியில். சென்ட்ரலும் பெரம்பூரும் ஒரே பாதையில். ஓஎம்ஆரிலிருந்து எந்த ஊருக்குப் போவதென்றாலும் முதலில் நகரத்தைக் கடக்க வேண்டும், இல்லையென்றால் வண்டலூர் சாலை வழியாக கிளாம்பாக்கத்துக்கு டாக்ஸி.

வாடகைக்கு வரும்போது சட்டம் வேறு, வழக்கம் வேறு. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது வாடகைச் சட்டம். வீட்டுக்காரர்கள் அதைவிடக் கூடுதலாகக் கேட்டுப் பார்ப்பார்கள், பேசிக் குறைக்கலாம். கரண்டுக்குத் தனி மீட்டரா, இல்லை வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று அவராக ஒரு ரேட் வைத்திருக்கிறாரா என்று பாருங்கள். அரசு தரும் இலவச யூனிட்கள் உங்களுக்கா அவருக்கா என்பது அதில்தான் இருக்கிறது.

என் தேர்வு? ஆபீஸ் நகரத்துக்குள்ளோ கிண்டியிலோ இருந்து, வீட்டில் பெரியவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இருந்தால் கிழக்குத் தாம்பரம், ஸ்டேஷனிலிருந்து ஷேர் ஆட்டோ தூரத்தில். நெரிசல், குறுகிய தெரு, கேம்ப் ரோடு சாயங்கால டிராபிக் எல்லாம் உண்டு, தெரிந்தே சொல்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையிலோ மத்திய அரசிலோ வேலை, கையில் கொஞ்சம் சேமிப்பு, தனி வீடு ஆசை என்றால் ஆவடி. மூன்றில் கொடுத்த காசுக்கு அதிக இடம் கிடைப்பது அங்கேதான். ஆனால் ஆவடியில் இருந்துகொண்டு சிறுசேரிக்கு வேலைக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ஒரு வழி 40 கிலோமீட்டருக்கு மேல். கணவன் மனைவி இருவருக்கும் ஓஎம்ஆரில் வேலை, பிள்ளைகள் சின்னவர்கள் என்றால் ஓஎம்ஆரிலேயே இருங்கள், ஆனால் வாடகைக்கு. ஒரு மழைக்காலம், ஒரு கோடை பார்த்துவிட்டு வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

ஒருவருக்கு ஓஎம்ஆர், இன்னொருவருக்கு நகரம் என்று வேலை பிரிந்திருக்கும் வீடுகளுக்குத்தான் பதில் கஷ்டம். மேடவாக்கத்தில் மேம்பாலம் வந்த பிறகும் தாம்பரத்திலிருந்து சோழிங்கநல்லூருக்குக் காலையில் போவது பொறுமைச் சோதனை. வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் கண்டிகை, மாம்பாக்கம் பக்கம் இப்போது நிறையப் பேர் பார்க்கிறார்கள். ஒரு முனையில் ரயில், மறு முனையில் சிறுசேரி. இப்போதைக்கு இரவு எட்டு மணிக்கு மேல் பஸ் குறைவு, நல்ல மருந்துக்கடைக்கும் வண்டி எடுக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இல்லாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.