ஜி.ஹெச். இன்சுலினா, வாராந்திரப் பேனாவா? சேலத்திலிருந்து ஓர் ஒப்பீடு

வாரம் ஒருமுறை போட்டுக்கொள்ளும் ஊசியைப் பற்றிச் சேலத்தில் இப்போது விசாரிக்காதவர்கள் குறைவு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்க்கிறவர்களும் கேட்கிறார்கள், ஐந்து ரோடு கிளினிக்குகளில் டோக்கன் வாங்கிக் காத்திருப்பவர்களும் கேட்கிறார்கள். "சுகரும் குறையுமாம், உடம்பும் இளைக்குமாம். ஜி.ஹெச்.ல தருவாங்களா?"

நேராகவே சொல்லிவிடுகிறேன். அரசு மருத்துவமனையில் சர்க்கரைக்கு ஊசி என்றால் வழக்கமாகக் கிடைப்பது இன்சுலின். செமாகுளுடைடு (ஓசெம்பிக், வீகோவி), டிர்செபடைடு (மவுஞ்சாரோ) போன்ற வாராந்திர ஊசிகளைப் பெரும்பாலானவர்கள் சொந்தக் காசில்தான் வாங்குகிறார்கள். ஆகவே இலவச இன்சுலினும் காசு கொடுத்து வாங்கும் வாராந்திர ஊசியும்தான் (பேனா போன்ற கருவியில் வருவதால் இதைப் 'பேனா' என்றே சொல்கிறேன்) இங்கே போட்டியில் இருக்கின்றன. இரண்டும் ஒரே வேலையைச் செய்கிற மருந்துகள் என்று நினைத்துக்கொண்டு ஒப்பிட்டால் கணக்கு தப்பிவிடும்.

இன்சுலின், உடம்பில் போதாமல் போனதை வெளியிலிருந்து கொடுப்பது. சிறு வயதிலேயே வரும் டைப் 1 சர்க்கரைக்கு அதை விட்டால் வேறு வழியே கிடையாது. அந்தக் குழந்தைகளுக்கு வாராந்திரப் பேனா மாற்றாகாது. பேனா மருந்து செய்வது வேறு. சாப்பாடு இரைப்பையை விட்டு மெதுவாக இறங்கும், பசி அடங்கும், சர்க்கரை ஏறும்போது கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்கும். இன்சுலின் போட்டால் எடை கொஞ்சம் கூடுவது வழக்கம். பேனா போட்டால் குறையும். பருமனும் டைப் 2 சர்க்கரையும் சேர்ந்து இருப்பவர்கள் பேனாவுக்கு ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஜி.ஹெச். பக்கம்

சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையில் வெறும் வயிற்றோடு போக வேண்டும். ஓ.பி. சீட்டு, ரத்தம் எடுக்க வரிசை, கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி ரத்தம், அப்புறம் டாக்டர், கடைசியில் மருந்து கவுண்டர். விசைத்தறிக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போச்சு. இலவசம் என்று சொல்லும்போது இந்தச் செலவையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் அந்த ஒரு வளாகத்திலேயே ரத்தம், சிறுநீரகம், இதயம், கண், கால் எல்லாவற்றையும் பார்த்துவிட முடிகிறது. வெளியே இதே பரிசோதனைகளுக்குத் தனித்தனியாகப் பில் போடுவார்கள்.

மாத்திரை மட்டும் போதும் என்பவர்களுக்கு 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இருக்கிறது. பிரஷர், சுகர் மாத்திரைகள் வீட்டுக்கே வந்துவிடும்.

இன்சுலின் வாங்குகிறவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய ஒன்று உண்டு. அரசு மருத்துவமனையில் வழக்கமாகத் தருவது மில்லிக்கு 40 யூனிட் உள்ள 10 மில்லி பாட்டில், ஆக மொத்தம் 400 யூனிட். நாளைக்கு 40 யூனிட் போடுகிறவருக்குப் பத்து நாள் வரும். அதற்கு உரியது சிவப்பு மூடி சிரிஞ்சு. கடையில் வாங்கும் பேனா இன்சுலின் (வாராந்திர ஊசி அல்ல, இன்சுலின்தான்) மில்லிக்கு 100 யூனிட். அதற்கான சிரிஞ்சு ஆரஞ்சு மூடி. பேனா கார்ட்ரிட்ஜிலிருந்து மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 50 யூனிட். ராத்திரியில் மயங்கி விழ அது போதும். என் அத்தைக்கு முதன்முதலில் ஊசி போடக் கற்றுக்கொடுத்த நர்சம்மா மூடியைக் கையில் தூக்கிக் காட்டி, "கண்ணு, செகப்பு மூடிக்கு இந்தப் பாட்டிலுதான். கடையில எது குடுத்தாலும் மூடியப் பாத்து வாங்கு" என்றார். வேலை நெருக்கடியிலும் அவர் நின்று சொன்ன அந்த ஒரு நிமிடம் எந்த மருந்துக்கும் குறைந்ததில்லை.

ஏற்காட்டுக்காரர்களுக்குக் கணக்கு கொஞ்சம் மாறும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து, வரிசையில் நின்று, சாயங்காலம் பஸ் பிடித்து ஏறுவது வயதானவர்களால் மாதாமாதம் ஆகாது. ஜி.ஹெச்.சில் ஒருமுறை மருந்தையும் அளவையும் முடிவு செய்துகொண்டு, தொடர்ந்து வாங்குவதை மலையிலேயே உள்ள அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ வைத்துக்கொள்வது நல்லது. மலையில் இன்னொரு வசதி: திறந்த இன்சுலின் பாட்டில் 30 டிகிரிக்குள் இருந்தால் நாலு வாரம் தாங்கும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அதற்கு ஃபிரிட்ஜ் தேடத் தேவையில்லை. சித்திரை வெயிலில் சேலம் ஓட்டு வீட்டில் அப்படி விட முடியாது. ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் மண் பானைத் தண்ணீருக்கு நடுவே சின்ன டப்பாவில் வைக்கிறார்கள். அது சரியான வழிதான்.

பேனா பக்கம்

2025 மார்ச்சில் மவுஞ்சாரோ இந்தியாவுக்கு வந்தபோது ஆரம்ப அளவான 2.5 மில்லிகிராம் ஒரு குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் 4,375 ரூபாய். வாரம் ஒன்று என்றால் மாதத்துக்கு 14,000 முதல் 17,500 வரை. வீகோவி அதே ஆண்டு ஜூனில் வந்தது. டிசம்பரில் வந்த ஓசெம்பிக், அறிமுக விலையில் மாதம் 8,800இல் தொடங்கி 1 மில்லிகிராம் அளவுக்கு 11,175 ரூபாய் ஆனது. அந்த விலையில் வருடத்துக்குப் பார்த்தால் ஒரு லட்சத்து முப்பத்து நாலாயிரத்தைத் தாண்டியது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்க ஒரு குடும்பத்துக்கு வைத்த வருமான வரம்பே வருடம் 1,20,000 ரூபாய்தான்! அந்த அட்டை 5 லட்சம் வரை உதவும் என்றாலும் அது ஆஸ்பத்திரியில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்கு. மாதாமாதம் வாங்கும் பேனாவுக்கு அதை நம்பிப் போக வேண்டாம்.

பலனைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆய்வுகளில் வீகோவியின் முழு அளவு 68 வாரத்தில் எடையைச் சராசரியாகச் சுமார் 15 சதவீதம் குறைத்தது. டிர்செபடைடின் உச்ச அளவு 20 சதவீதத்தைத் தொட்டது. ஆனால் வீகோவி ஆய்வில் ஊசியை நிறுத்தியவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. என் கவலை முழுக்க இங்கேதான். நகையை வைத்து மூன்று மாதம் போட்டுவிட்டு நிறுத்துகிறவருக்கு, அளவு மெல்ல மெல்ல ஏற்றப்பட்டு மருந்து வேலை செய்யத் தொடங்கும் நேரத்தில் காசு தீர்ந்திருக்கும். வாந்தி, குமட்டல், மலச்சிக்கல் மட்டும் மிச்சம். தொடர்ந்து வாங்க முடியாது என்று தெரிந்தால் தொடங்காமலே இருப்பது நல்லது என்பது என் தீர்மானமான கருத்து.

செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிகிற ஒன்று. அதன்பின் உள்நாட்டுக் கம்பெனிகளும் தயாரிக்கலாம், விலை இறங்க வழி உண்டு. இதே வகையைச் சேர்ந்த பழைய மருந்தான லிராகுளுடைடு அப்படித்தான் இறங்கியது. 2024 ஜனவரியில் உள்நாட்டுத் தயாரிப்பு வந்தபோது வழக்கமான அளவுக்கு நாளைக்கு நூறு ரூபாய் அளவில் கிடைத்தது. அது தினமும் போட வேண்டிய ஊசி.

இடையில் உள்ளவை

தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம் பிடிக்கப்படுகிறது. சேலத்தில் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் இருக்கிறது. ஐந்து வருடம் காப்பீட்டில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் வருடம் 120 ரூபாய் கட்டிக் கணவன் மனைவி இருவருக்கும் தொடரலாம். இன்சுலின் வாங்க ஜி.ஹெச். வரிசைக்கு இது நல்ல மாற்று.

இன்னொன்று மாத்திரை. எம்பாக்ளிஃப்ளோசின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்ததும் விலை நன்றாகவே இறங்கியது. எடையும் சற்றுக் குறையும், இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு. பேனா கேட்டு வருகிற பலருக்கு டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டிய மருந்து இதுதான். எழுதிக் கொடுத்தால் முதல்வர் மருந்தகத்திலும் மக்கள் மருந்தகத்திலும் விலை விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தில் பிள்ளைகள் இருப்பவர்கள், "அங்கே கவர்மெண்டே தருகிறதே" என்கிறார்கள். தருகிறது, ஆனால் வரிசை வைத்து. 2025 ஜூனில் டிர்செபடைடு தொடங்கியபோது முதலில் உடல் நிறை எண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 அல்லது அதற்கு மேல், நம்மைப் போன்ற ஆசியர்களுக்கு 37.5 அல்லது அதற்கு மேல், கூடவே குறைந்தது நான்கு பருமன் சார்ந்த நோய்கள் உள்ளவர்களுக்குத்தான். உலக சுகாதார நிறுவனமும் 2025 செப்டம்பரில் இந்த மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்தபோது, சர்க்கரையோடு பருமனும் இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களைத்தான் முன்னால் வைத்தது. நம் ஊரிலும் அந்த வரிசையில் கொடுக்கத் தொடங்கலாம். மாத்திரையோடு வீடு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலர் இருக்கிறார், வாரம் ஒரே ஊசி. ஏற்காட்டில் தனியாக இருக்கும் பாட்டிக்குத் தினமும் இரண்டு வேளை இன்சுலின் போட ஆள் தேடுவதைவிட இது எவ்வளவோ எளிது. அரசு இதைச் செய்ய வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

அதுவரை, பேனாவுக்குக் காசு இருப்பவர்களும் ஜி.ஹெச். சர்க்கரைப் பிரிவில் ஒருமுறை முழுதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, கணைய அழற்சி வந்திருக்கிறதா, குழந்தைக்குத் திட்டமிருக்கிறதா என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். ஏற்கெனவே இன்சுலினோ கிளிமெபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையோ எடுக்கிறவர்களுக்குப் பேனா சேரும்போது அவற்றின் அளவைக் குறைக்க வேண்டி வரும், இல்லாவிட்டால் தாழ் சர்க்கரை. அதை டாக்டர்தான் குறைக்க வேண்டும். கடையில் பில் கேட்டு வாங்குங்கள், குளிர்பெட்டியிலிருந்து எடுத்துத் தருகிறார்களா என்று பாருங்கள். தொடங்கும் முன் விழித்திரைப் பரிசோதனை அவசியம், ஏனென்றால் சர்க்கரை வேகமாக இறங்கும்போது ஏற்கெனவே பாதித்த விழித்திரை மோசமாகலாம். அதை ஜி.ஹெச். கண் பிரிவிலேயே காசில்லாமல் பார்த்துக்கொள்ளலாம்.