இரண்டு குச்சி, ஓர் இடுப்பு: அலைன்மென்ட் ஸ்டிக் எதைக் காட்டும், எதை மறைக்கும்

கால்ஃப் கடையில் பயிற்சிச் சாமான் என்று தொங்குகிறவற்றில் ஆகக் குறைந்த விலைக்கு வருவது அலைன்மென்ட் ஸ்டிக். நாலடி நீள ஃபைபர்கிளாஸ் குச்சி. தடிமன் 8 மி.மீ. இருக்கும். ஒரு முனை கூர்மை, மறுமுனைக்கு ரப்பர் மூடி. ஜோடியாக உறையில் போட்டுத் தருவார்கள். நல்ல பந்து ஒரு டஜன் வாங்கும் காசுகூட ஆகாது. பாதம் டார்கெட்டுக்கு (பந்து போக வேண்டிய இலக்குக்கு) நேராக இருக்கிறதா என்று பார்க்கத் தரையில் கிடத்துவதோடு பலர் இதை மறந்துவிடுகிறார்கள். டவுன்ஸ்விங்கில், அதாவது ஓங்கிய கிளப்பை (பந்தடிக்கும் கோலை) பந்தை நோக்கி இறக்கும்போது, இடுப்பு என்ன செய்கிறது என்று காட்டவும் இது போதும். ஆனால் மூன்று இடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரே இடத்தில் வைத்துப் பழகினால் ஒரு கோளாறு போய் இன்னொன்று வந்து உட்காரும்.

(கீழே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலம் மாற்றிக்கொள்ளவும்.)

முதலில் எல்லோரும் செய்வது: பேன்ட்டின் முன்பக்க பெல்ட் வளையங்களில் குச்சியைக் குறுக்கே செருகுவது. வலப்பக்கம் ஒரு சாண் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கட்டும், மீதி முழுக்க இடப்பக்கம். பந்துக்கு முன் நிற்கும்போது குச்சி டார்கெட் கோட்டுக்கு இணையாக இருக்கும். பேக்ஸ்விங் (கிளப்பைப் பின்னால் ஓங்குவது) உச்சியில் இடுப்பு 45 டிகிரி அளவுக்கு வலப்பக்கம் திரும்பியிருந்தால், குச்சியின் இட முனை பந்து இருக்கும் பக்கமாகச் சாய்வாக நீளும். அடிபடும் நொடியில் அதே முனை டார்கெட்டைத் தாண்டி உங்கள் முதுகுப் பக்கமாகப் போயிருக்க வேண்டும். தேர்ந்த ஆட்டக்காரர்களுக்கு அப்போது இடுப்பு டார்கெட் பக்கமாக 35 முதல் 45 டிகிரி வரை திறந்திருக்கும், தோள் அவ்வளவு திறந்திருக்காது. இடுப்பு பாதியில் நின்றுபோனால் கையோ கிளப்பின் தண்டோ குச்சியில் இடிக்கும். அதனால்தான் இதை அரை வேகத்துக்கு மேல் செய்யக் கூடாது. 9 அயர்னை (9-ஆம் எண் இரும்புக் கிளப்பை) இடுப்பு உயரத்திலிருந்து இடுப்பு உயரம் வரை வீசினால் போதும்.

பெல்ட் வளையத்தில் குச்சி இருக்கும் இடமும் முக்கியம். பேன்ட் தொளதொளவென்றோ தொப்புளுக்கு மேலேயோ இருந்தால் குச்சி துணியோடு ஆடும், இடுப்பெலும்போடு ஆடாது. அது காட்டும் கோணத்தை நம்ப வேண்டாம்.

இந்தப் பயிற்சி ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு. எடை வலது காலிலேயே கிடக்க, இடுப்பைப் பம்பரம்போல் சுழற்றினாலும் குச்சி அழகாகத்தான் திரும்பும். கண்ணாடி முன் பார்த்தால் அசல் பந்தயக்காரர் மாதிரி இருக்கும். பந்தை அடித்தால்தான் தெரியும்: வலது தோள் முன்னால் பிதுங்கி, கிளப் வெளியிலிருந்து உள்ளே வெட்டி, பந்து இடப்பக்கம் இழுபடும், அல்லது வலப்பக்கம் வளைந்து ஸ்லைஸ் ஆகும். டவுன்ஸ்விங்கை இடுப்பு தொடங்க வேண்டும் என்று அமெரிக்க கால்ஃப் வீரர் பென் ஹோகன் 1950-களில் அழுத்திச் சொன்னார். அதைக் கேட்டு இடுப்பை மட்டும் சுழற்றி ஸ்லைஸ் வாங்கிக்கொண்டவர்களுக்குக் கணக்கே இல்லை. ஹோகனின் பழைய படச்சுருள்களைப் பார்த்தால் விஷயம் புரியும். கிளப் இன்னும் பின்னால் போய்க்கொண்டிருக்கும்போதே அவருடைய இடுப்பு இடது காலை நோக்கி நகரத் தொடங்கிவிடும். நகர்வு முதலில், சுழற்சி அதோடு ஒட்டிக்கொண்டு.

அந்த நகர்வைப் பார்க்கத்தான் இரண்டாவது இடம். இடது பாதத்துக்கு வெளியே, இடுப்புக்கு இரண்டு மூன்று அங்குலம் தள்ளிக் குச்சியை நட்டுக்குத்தாக ஊன்ற வேண்டும். டவுன்ஸ்விங் தொடங்கும்போது இடது இடுப்பு அதை லேசாகத் தொட்டுவிட்டு உடனே பின்னோக்கி விலக வேண்டும். தொடவே இல்லையென்றால் எடை மாறவில்லை, வெறும் சுழற்சி. குச்சியைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டே போனால் நகர்வு மட்டும் இருக்கிறது, திருப்பம் இல்லை. கிளப் பந்துக்கு முன்பே மண்ணைக் கிளறும். டிரைவிங் ரேஞ்சில் (பந்தடித்துப் பழகும் திடலில்) பாய் விரித்த தளமாக இருந்தால் குச்சி இறங்காது. இதற்கென்று தனியாக ஸ்டாண்ட் விற்கிறார்கள், தேவையில்லை. பழைய பெயின்ட் வாளியில் மணலைக் கொட்டி நட்டால் அசையாமல் நிற்கும்.

மூன்றாவது இடம்தான் காசுக்கு முழுப் பலன் தருவது. பின்பக்கம்.

பந்துக்கு முன் குனிந்து நிற்கும்போது புட்டம் குதிகாலைவிட ஒரு சாண் பின்னால் இருக்கும். இரண்டு குச்சியையும் புட்டத்துக்கு ஒன்றாக, தொட்டும் தொடாமலும் இருக்கும்படி பின்னால் ஊன்றுங்கள். பேக்ஸ்விங்கில் வலது புட்டம் அதன் குச்சியை அழுத்தும். டவுன்ஸ்விங் தொடங்கும்போது இடது புட்டம் பின்னால் போய் இடது குச்சியைப் பிடிக்க வேண்டும். ஒரு கணம் இரண்டுமே குச்சியில் இருக்கும், நாற்காலியில் உட்காரப் போவதைப்போல. பிறகு இடது கால் தரையை உதைத்து நிமிர, இடது புட்டம் குச்சியைவிட்டு விலகாமலே இடுப்பு திறக்கும். அடிபடும்போது இரண்டு குச்சியும் காற்றில் தனியாக நின்றால் இடுப்பு பந்தை நோக்கி முன்னே பாய்ந்து முதுகு நிமிர்ந்துவிட்டது என்று அர்த்தம். பயிற்சியாளர்கள் ஏர்லி எக்ஸ்டென்ஷன் என்பது இதைத்தான். கைக்கு இருந்த இடம் போய்விடுவதால் கிளப்பின் கழுத்தில் பட்டு ஷாங்க் ஆகும், அல்லது பந்து வலப்பக்கம் நேராகப் பறக்கும். மணிக்கட்டைப் புரட்டிச் சமாளித்தால் இடப்பக்கம் வளைந்து ஹூக். ஒரே நாளில் மூன்றும் வந்தால் கிளப்பை மாற்றுவதற்கு முன் குச்சியை ஊன்றிப் பாருங்கள்.

குச்சி தப்பைக் காட்டும், காரணத்தைச் சொல்லாது. அதை நாம்தான் தேட வேண்டும். எளிதானது முதலில்: எடை கால்விரல் பக்கம் இருக்கிறதா, பந்துக்கு மிக அருகில் நிற்கிறோமா? இரண்டும் நிற்கும்போதே சரி செய்யக்கூடியவை. அடுத்தது இடது இடுப்பு மூட்டின் இறுக்கம். நாற்காலியில் முழங்கால்களைச் சேர்த்து உட்கார்ந்து, தொடையை அசைக்காமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் தூக்கிப் பாருங்கள். வலதைவிட இடது தெளிவாகக் குறைவாகப் போனால் அந்த மூட்டு உள்நோக்கித் திரும்ப மறுக்கிறது. எத்தனை முறை குச்சியை ஊன்றினாலும் உடல் முன்னே தப்பித்து ஓடத்தான் பார்க்கும். இடது பாதத்தை 20, 30 டிகிரி டார்கெட் பக்கம் திருப்பி வைத்து நின்றால் உடனே இடம் கிடைக்கும். மூட்டில் வலி இருந்தால் மட்டும் பிசியோதெரபிஸ்டைப் பார்த்துவிட்டு வாருங்கள். மூன்றாவது காரணம் பலருக்கும் தோன்றாதது: கிளப் செங்குத்தாக இறங்கினால், அது மண்ணில் குத்தாமலிருக்க உடலே எழும்பி இடம் கொடுக்கிறது. அங்கே குற்றவாளி கை, இடுப்பு இல்லை. இடுப்பைத் திட்டிப் பயனில்லை.

பழகும் முறை. டவுன்ஸ்விங் மொத்தமே கால் நொடிதான், அதற்குள் யோசிக்க முடியாது. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, கிளப் இல்லாமல் மெதுவாகப் பத்து முறை. பிறகு 7 அயர்னுடன், பந்து இல்லாமல் ஐந்து. பிறகு பந்து வைத்து அரை வேகத்தில் மூன்று. கடைசியாகக் குச்சியை எடுத்துவிட்டு ஐந்து. இந்தக் கடைசி ஐந்தைத் தவிர்ப்பவர்களே அதிகம். குச்சி இருக்கும்வரை சரியாக ஆடிவிட்டு, எடுத்ததும் பழைய கதைக்குத் திரும்புவது அதனால்தான். இலக்குக் கோட்டில், கை உயரத்தில், பின்னாலிருந்து மொபைலை வைத்து ஸ்லோ மோஷனில் எடுத்தால் குச்சி இல்லாத ஐந்தையும் சரிபார்க்கலாம். புட்டத்தை ஒட்டித் திரையில் ஒரு செங்குத்துக் கோடு போட்டால் போதும்.

வாங்கும்போது மூன்றாக மடித்து உள்ளே எலாஸ்டிக் கயிறு ஓடும் வகையைத் தவிர்க்கவும். பைக்குள் அடங்கும், ஆனால் பெல்ட் வளையத்தில் மூட்டுக்கு மூட்டு தொங்கும். அலுமினியக் குச்சி ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான். ஃபைபர்கிளாஸில் மேல்பூச்சு உள்ளதாக எடுங்கள். வெயிலில் கிடந்து பூச்சு போனால் கண்ணுக்குத் தெரியாத சிலாம்பு கையில் ஏறும். விரிசல் விட்ட குச்சியைத் தூக்கிப் போடலாம், டேப் சுற்றி ஓட்ட வேண்டாம். குச்சியே வாங்க வேண்டாம் என்றால் ஹார்டுவேர் கடையில் ஒயரிங்குக்கு விற்கும் 20 மி.மீ. பிவிசி பைப் பத்தடியில் கிடைக்கும். நாலடியாக இரண்டு வெட்டிக்கொள்ளலாம். வாளி மணலில் நடவும் பின்னால் ஊன்றவும் நன்றாகவே வேலை செய்யும். பெல்ட் வளையத்தில் மட்டும் மல்லுக்கட்டித்தான் நுழைக்க வேண்டும்.

இடுப்பில் பெல்ட் கட்டி ரப்பர் கயிற்றால் பின்னால் இழுக்கும் சாமான்களும் இருக்கின்றன, விலை பல மடங்கு. கயிறு இழுக்கும்வரை இடுப்பு திரும்பும், அவிழ்த்தால் திரும்பாது. குச்சி எதையும் இழுப்பதில்லை. அது நல்லதுதான்.

ஊன்றிய குச்சி முகத்துக்கு ஆகாது. பந்தை எடுக்கக் குனியும்போது முனை கண்ணருகே வரும்; மேல் முனையில் பழைய டென்னிஸ் பந்தை ஓட்டை போட்டுச் செருகிவிடுங்கள். போட்டியில் குச்சி பையில் இருக்கலாம், ஆனால் சுற்றின் நடுவே அதை வைத்துப் பயிற்சி ஸ்விங் செய்தால் விதி 4.3-இன்படி தண்டனை: ஸ்ட்ரோக் எண்ணும் போட்டியில் முதல் தடவை இரண்டு ஸ்ட்ரோக், இரண்டாம் தடவை ஆட்டத்தைவிட்டே வெளியே.