மனைவி பெயரில் போட்டால் வரியே இல்லை என்று சொன்னார்கள்

2021 ஆவணியில் எனக்குக் கல்யாணம். அடுத்த ஏப்ரலில் எங்கள் ஊரில் வரிக் கணக்கு பார்ப்பவரிடம் போனேன். எல்லாரும் அவரை ஆடிட்டர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் சி.ஏ. படித்தவரே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

"மேடம் வேலைக்குப் போகலையே சார், உங்க பணத்தை அவங்க பேர்ல டெபாசிட் போடுங்க, வட்டிக்கு ஒரு பைசா வரி வராது" என்றார். வீடு கட்டச் சேர்த்த 15 லட்சத்தை மனைவி கணக்குக்கு மாற்றி வைப்பில் போட்டேன். வட்டி ஆண்டுக்கு 84,000. டி.டி.எஸ். (வட்டியிலிருந்து வங்கியே பிடிக்கும் வரி) பிடிக்காமல் இருக்க அவள் பெயரில் 15ஜி படிவம் கொடுத்தார். இரண்டு வருடம் அவள் பெயரில் வரி இல்லாத கணக்கும் தாக்கல் செய்து, தனியாகக் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

2025 பிப்ரவரியில் வேறொரு வேலைக்காக மனைவியின் வருமான வரித் தளக் கணக்கைத் திறக்க வேண்டியிருந்தது. பாஸ்வேர்டு கேட்டால் அவர் தரவில்லை. ஆதார் ஓ.டி.பி. வைத்து நாங்களே மாற்றி உள்ளே போனோம். கைபேசி எண், மின்னஞ்சல் இரண்டுமே அவருடையவை! அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்று துறை கேட்ட கடிதம் அங்கே பதில் இல்லாமல் கிடந்தது. என் மனைவி அன்று இரவு தூங்கவில்லை. அவள் செய்த தப்பு என்ன? நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள், அவ்வளவுதான்.

பிறகு ஒரு நல்ல சி.ஏ.விடம் போய்த்தான் விஷயம் புரிந்தது. நம் நாட்டில் கணவனும் மனைவியும் தனித்தனியாகத்தான் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். சேர்ந்து செய்யும் வழி கிடையாது. மனைவிக்குப் பணம் கொடுக்கலாம், அதற்கு வரி இல்லை. ஆனால் கணவன் சும்மா கொடுத்த பணத்திலிருந்து வரும் வட்டி கணவனின் வருமானத்தோடுதான் சேரும். அப்போது நடப்பில் இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தின் 64-வது பிரிவு அது. என் மாமனார் அவளுக்குக் கொடுத்த பணத்தின் வட்டி மட்டும் அவளுடையது. (கல்யாண மொய்க்கு வரி இல்லை, மொய் நோட்டைப் பத்திரமாக வையுங்கள்.)

நான் 30 சதவீத அடுக்கில் இருப்பவன். செஸ் என்ற துணைவரியும் சேர்த்து ஆண்டுக்கு 26,208 ரூபாய் வரி. இரண்டு ஆண்டுக்கும் என் பெயரில் புதுப்பித்த கணக்கு (அப்டேட்டட் ரிட்டர்ன்) போட்டு, தாமத வட்டியும் அதன் மேல் 25 சதவீதக் கூடுதல் வரியும் கட்டியதில் முக்கால் லட்சத்துக்கு மேல் போனது. மார்ச் தாண்டியிருந்தால் முதல் ஆண்டுக்கு அந்த 25 சதவீதம் 50 ஆகியிருக்கும்.

பழைய ஆடிட்டரிடம் கேட்டதற்கு, "எல்லாரும் இப்படித்தான் சார் பண்றாங்க" என்றார். வாங்கிய கட்டணத்தைக்கூடத் திருப்பித் தரவில்லை.

தயவுசெய்து வருமான வரித் தளத்தில் உங்கள் கணக்கையும் வீட்டுக்காரம்மா கணக்கையும் இன்றைக்கே திறந்து, யார் எண் இருக்கிறது என்று பாருங்கள். அவரிடமே போகும் என் அத்தை மகன் கணக்கைப் போன வாரம் பார்த்தோம். அங்கேயும் அதே எண்தான் இருந்தது. உடனே மாற்றிக் கொடுத்தேன்.