வயர் ஐஇஎம்: பல வருஷம் மாட்டிப் பார்த்த பிறகு

ஐஇஎம் என்று சொல்லப்படுகிற வயர் இயர்ஃபோன்களுக்கு வரும் மதிப்புரைகளில் பெரும்பாலானவை பெட்டியைப் பிரித்த வாரத்திலேயே எழுதப்பட்டவை. பாஸ் (கீழ் ஒலி) நன்றாக இருக்கிறது, ட்ரெபிள் (மேல் ஒலி) கொஞ்சம் கூர்மை, சௌகரியத்துக்குப் பத்துக்கு எட்டு, முடிந்தது. வேலை நேரம் முழுக்கக் காதில் மாட்டியிருந்து, அதற்கு மேல் ராத்திரியும் பாட்டுக் கேட்கிறவர்களுக்கு இது போதாது. ஒலிக்கு ஒரு மார்க், சௌகரியத்துக்கு ஒரு மார்க் என்று பிரிப்பதே சரியில்லை என்றுதான் இத்தனை நாள் பயன்பாட்டில் எனக்குப் பட்டது. காதுக்குள் எப்படி உட்காருகிறதோ அப்படித்தான் அது பாடும். சரியாக உட்காரவில்லை என்றால் உள்ளே எவ்வளவு நல்ல டிரைவர் (ஒலி எழுப்பும் பாகம்) இருந்தும் பிரயோஜனம் இல்லை.

நான் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இரண்டு ஜோடி. ஒன்று 10 மி.மீ. டைனமிக் டிரைவர் (ஸ்பீக்கர் மாதிரி சவ்வு அசைந்து ஒலிக்கும் வகை) ஒன்றே ஒன்று உள்ள, சின்ன உலோக ஷெல் (வெளிக்கூடு). இன்னொன்று பேலன்ஸ்டு ஆர்மச்சர் என்ற மிகச் சின்ன வகை டிரைவர்கள் பல உள்ள, கொஞ்சம் பெரிய ரெசின் ஷெல். மாடல் பெயர்களை வேண்டுமென்றே விடுகிறேன். இந்தத் துறையில் மாடல்கள் வந்த வேகத்தில் போய்விடுகின்றன, இங்கே சொல்லப்போவது நீங்கள் எதை வாங்கினாலும் பொருந்தும்.

முதலில் டிப், அதாவது காதுத் துளைக்குள் போகும் மிருதுவான நுனி. பெட்டியோடு வரும் சிலிக்கான் டிப்பில் நடு அளவைப் போட்டு, அப்படியே கேட்டுவிட்டு "பாஸே இல்லை" என்று எழுதுகிறவர்கள் ஏராளம். டிப்புக்கும் காதுத் துளைக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருந்தால்கூடக் கீழ் அலைவரிசை முதலில் வெளியேறிவிடும். சோதிப்பது சுலபம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு பக்கமும் விரலால் லேசாக உள்ளே அழுத்துங்கள். அழுத்தும்போது பாஸ் திடீரென்று கூடி, விட்டதும் குறைந்தால் அந்த டிப் உங்களுக்குச் சேரவில்லை. இதை ஒவ்வொரு காதுக்கும் தனியாகச் செய்ய வேண்டும், ஏனென்றால் நிறையப் பேருக்கு இரண்டு காதும் ஒரே அளவு கிடையாது. எனக்கு வலது காதில் நடு அளவு, இடது காதில் பெரிய அளவு. இந்த மாற்றத்தைச் செய்த பிறகுதான் பாடகரின் குரல் சரியாக நடுவில் வந்து நின்றது, அதற்கு முன் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்தே இருந்தது.

டிப்பின் வாய் அகலமும் சும்மா இல்லை. வாய் குறுகிய டிப் ட்ரெபிளைக் கொஞ்சம் அடக்கி பாஸை முன்னே தள்ளும், அகன்ற வாய் அதற்கு நேர்மாறு. ஃபோம் டிப் மேல் ஒலியை இன்னும் மிருதுவாக்கும், வெளிச்சத்தத்தையும் நன்றாக அடைக்கும், ஆனால் சில மாதத்தில் நசுங்கி உப்ப மறுத்துவிடும், அதனால் அது தொடர்ச் செலவு. உலோக ஷெல்லுக்கு நான் அகன்ற வாய் சிலிக்கான், ரெசின் ஷெல்லுக்கு ஃபோம் என்று நிலைத்துவிட்டேன். கேபிளுக்குப் பணம் செலவழிப்பதற்கு முன் நாலு வகை டிப் வாங்கிப் பாருங்கள், வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

இதற்குக் காரணம் காதின் அமைப்பு. காதுத் துளை ஏறக்குறைய 25 மி.மீ. நீளமுள்ள, ஒரு முனை செவிப்பறையில் மூடிய குழாய். திறந்திருக்கும்போது அது சுமார் 3 கிலோஹெர்ட்ஸ் பகுதியைத் தானாகவே தூக்கிக் கொடுக்கிறது, நம் மூளை பிறந்ததிலிருந்து அப்படிக் கேட்டுத்தான் பழகியிருக்கிறது. துளையை அடைத்தவுடன் அந்த இயல்பான ஏற்றம் போய்விடுகிறது. அதனால்தான் ஐஇஎம் செய்கிறவர்கள் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வேண்டுமென்றே ஒரு மேடு வைக்கிறார்கள். ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தின் ஆய்வுக் குழு, எந்த ஒலி எவ்வளவு இருந்தால் பிடிக்கும் என்று பலரைக் கேட்க வைத்து உருவாக்கிய வளைகோட்டிலும் அந்த மேடு உண்டு. ஆனால் அந்த மேடு யாருக்கு எவ்வளவு தேவை என்பது அவரவர் காதைப் பொறுத்தது. ஒரே மாடலை ஒருவர் "குரல் கத்துகிறது" என்பார், இன்னொருவர் "குரல் அருமை" என்பார், இரண்டு பேரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள்.

மேல் அலைவரிசையில் இது இன்னும் மோசம். அளவீட்டுக்குப் பயன்படும் 711 வகைச் செயற்கைக் காதில் 8 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு கூர் முனை வருவதை வரைபடங்களில் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பகுதி அந்தக் கருவிக்குள் இயர்ஃபோன் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதால் வருவது. உங்கள் காதில் அது வேறு இடத்தில் நிற்கும். நான் இதை நேரடியாகப் பார்த்தேன்: குறைந்த ஒலியளவில், 20 ஹெர்ட்ஸிலிருந்து மெதுவாக மேலே ஏறுகிற ஒற்றைத் தொனியை ஓடவிட்டேன். 7 கிலோஹெர்ட்ஸுக்கு அருகே உலோக ஷெல் சுருக்கென்று குத்தியது. ஒரு அளவு சின்ன டிப்பைப் போட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி மறுபடி ஓடவிட்டால் அதே குத்தல் மேலே நகர்ந்து மங்கிவிட்டது. பாட்டில் "ஸ்", "ஷ்" வரும் இடமெல்லாம் ஊசியாகக் குத்திக்கொண்டிருந்தது இந்த ஒரு மாற்றத்தில் நின்றது. ஈக்வலைசரைத் தொடவே இல்லை. வரைபடத்தைப் பார்த்து வாங்குவது நல்லதுதான், பாஸும் மிட்ஸும் (நடு ஒலி) எப்படி என்று அது நன்றாகவே சொல்லும். 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள்.

சரி, ஒலி. நான் எப்போதும் சோதிப்பது நன்றாகப் பதிவான மிருதங்கத் தனி. தொப்பி என்கிற கனத்த ஒலிப் பக்கத்தில் கும்கி (சுருதியை வளைக்கும் அடி) விழும்போது சுருதி கீழிருந்து வளைந்து ஏறும், அந்த வளைவு முழுதாகக் கேட்க வேண்டும், வெறும் "தொம்" என்று முடிந்துவிடக் கூடாது. டைனமிக் டிரைவரில் அந்த வளைவுக்கு உடம்பு இருக்கிறது, காற்று அசைவதை உணர முடிகிறது. பேலன்ஸ்டு ஆர்மச்சரில் வளைவு தெளிவாகத் தெரியும், ஆனால் கொஞ்சம் வறண்டு போயிருக்கும். அதே சமயம் மறுபக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழும் அந்தக் கணம், விரல் தோலில் பட்ட சத்தமும் அதன் பின் எழும் ரீங்காரமும், ரெசின் ஷெல்லில் இரண்டாகப் பிரிந்து கேட்கும். வேகமான முத்தாய்ப்புகளில் இந்தப் பிரிப்பு பெரிய சுகம். நாலு வாத்தியம் ஒரே நேரத்தில் வாசிக்கும்போது எனக்கு ரெசின் ஷெல்தான் வேண்டும். ஒற்றைக் குரலும் தம்புராவும் என்றால் உலோக ஷெல்லைத்தான் எடுப்பேன்.

ஆனால் நாள் முழுக்கக் கேட்பது பாட்டு மட்டும் இல்லை. கூட்டங்கள், பேட்டிகள், ஒலிப் புத்தகங்கள் என்று பாதிக்கு மேல் மனிதப் பேச்சுதான். பேச்சுக்கு 200 ஹெர்ட்ஸ் பக்கம் தடித்துப் போன இயர்ஃபோன் பெரிய தொல்லை, ஆண் குரல்கள் எல்லாம் பீப்பாய்க்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும், முதல் அரை மணி நேரம் "ஆஹா, கனமான குரல்" என்று தோன்றும், மூன்றாவது மணி நேரத்தில் கழற்றி எறியலாமா என்று வரும். இந்தக் களைப்பைக் கடையில் பத்து நிமிஷம் கேட்டுக் கண்டுபிடிக்க முடியாது.

இரண்டை ஒப்பிடும்போது ஒலியளவு சமமாக இருக்க வேண்டும். கொஞ்சம் சத்தமாக ஒலிப்பது எப்போதும் நல்லதாகவே தோன்றும், அதிக உணர்திறன் உள்ள மாடல்கள் இப்படித்தான் முதல் சந்திப்பில் ஜெயிக்கின்றன. பர்ன்-இன் என்று நூறு மணி நேரம் சும்மா ஓடவிடச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முதல் வாரத்தில் மாறுவது பெரும்பாலும் நம் காதின் பழக்கமும் டிப் உட்காரும் விதமும்.

காது வலிக்கு வருவோம். எல்லோரும் எடையைக் கேட்கிறார்கள், என் அனுபவத்தில் எடை கடைசிக் காரணம். வலி மூன்று இடத்தில் வருகிறது. முதலாவது காதுத் துளையின் வாசல்: ஒலி வெளிவரும் மூக்குக் குழாய் தடிமனாக இருந்தால், 6 மி.மீ. தாண்டினாலே சின்னக் காதுக்காரர்களுக்குச் சிரமம், டிப்போடு சேர்ந்து அது இன்னும் பெரிதாகிவிடும். இரண்டாவது, காதுமடல் குழியின் கீழ் விளிம்பில் ஷெல்லின் முனை படும் இடம். என் ரெசின் ஷெல் அங்கேதான் உரசும். முதல் ஒரு மணி நேரம் ஒன்றும் தெரியாது, அப்புறம் சின்னதாக ஒரு சூடு, அதற்குப் பிறகு கழற்றினால் அந்த இடம் சிவந்திருக்கும். கொஞ்சம் நீளமான டிப் போட்டு ஷெல்லை வெளிப்பக்கம் நகர்த்தியதும் அது குறைந்தது, ஆனால் முழுதாகப் போகவில்லை. மூன்றாவது, காதுக்கு மேல் சுற்றிவரும் கேபிளின் வளைந்த உறை. கண்ணாடி போடுகிறவர்களுக்குக் கண்ணாடிக் காம்பும் அந்த உறையும் ஒரே இடத்துக்குச் சண்டை போடும். முதலில் கண்ணாடி, அதற்கு மேல் கேபிள் என்ற வரிசையில் மாட்டினால் கொஞ்சம் தேவலை. உறை ரொம்ப விறைப்பாக இருந்தால் ஹேர் டிரையரின் மிதமான சூட்டில் வளைத்து உங்கள் காதுக்கேற்ற வடிவத்துக்குக் கொண்டுவரலாம், ஷெல்லைக் கேபிளிலிருந்து கழற்றி வைத்துவிட்டு.

அழுத்தம் வேறு விஷயம். காற்றோட்டத் துளை இல்லாத ஷெல்லை நன்றாக அடைத்து மாட்டினால் காது அடைத்த மாதிரியே இருக்கும், உங்கள் குரலே தலைக்குள் முழங்கும், நடக்கும்போது காலடி டொம் டொம் என்று கேட்கும். துளையை மூடினால் எலும்பு வழியாக வரும் சத்தம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்பதால் வருவது இது. ஆழமாக, எலும்புப் பகுதி வரை செருகினால் இது குறையும். 1991இல் வந்த எடிமோட்டிக் நிறுவனத்தின் ஈஆர்-4 இயர்ஃபோன் மூன்றடுக்கு டிப்போடு அப்படி ஆழமாகச் செருகும் வடிவத்தில்தான் வந்தது, ஆனால் அவ்வளவு ஆழம் எல்லோராலும் தாங்க முடியாது. என் உலோக ஷெல்லில் சின்னத் துளை இருப்பதால் இந்த அடைப்பு குறைவு. பதிலுக்கு வெளிச்சத்தம் கொஞ்சம் கூடுதலாக வரும்.

வெளிச்சத்தத்தை அடைப்பதை நான் சொகுசாகப் பார்க்கவில்லை, காதைக் காப்பாற்றுவதே அதுதான். அடைப்பு சரியாக இருந்தால் ஒலியளவைத் தானாகவே குறைத்து வைப்போம். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபெல் என்று வரம்பு சொல்கிறது. 3 டெசிபெல் கூடினால் அந்த நேரம் பாதியாகிவிடும். தினமும் எட்டு மணி நேரம் மாட்டுகிற ஆளுக்கு இது தலைபோகிற கணக்கு. கழற்றிய பிறகு காதில் "ஙொய்" என்று ரீங்காரம் இருந்தால் சத்தம் அதிகம் என்று அர்த்தம், தயவுசெய்து அலட்சியப்படுத்தாதீர்கள்.

மேடைப் பாடகர்களுக்கும் வாத்தியக்காரர்களுக்கும் ஐஇஎம் பிறந்த காரணமும் இந்த அடைப்புதான். வான் ஹேலன் ராக் குழுவின் டிரம்மர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக மேடை ஒலிப் பொறியாளர் ஜெர்ரி ஹார்வி செய்துகொடுத்ததிலிருந்துதான் 1995இல் அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் வந்தது. அவை அந்தந்தக் காதின் அச்சு எடுத்து வார்த்தவை. நாம் வாங்குவதோ எல்லாக் காதுக்கும் பொது வடிவம், அந்த அச்சின் வேலையை முழுக்க டிப்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேபிள் பற்றிச் சுருக்கமாக. காதுக்கு மேலே சுற்றி, தாடைக்குக் கீழே இறுக்கியை ஏற்றிவிட்டால் சட்டையில் உரசும் சத்தம் ஏறக்குறைய நின்றுவிடும். கேபிளை ஷெல்லோடு மாட்டும் இணைப்பில் 0.78 மி.மீ. இரு பின் வகை, எம்எம்சிஎக்ஸ் என்ற வட்ட வகை, இரண்டையும் பார்த்துவிட்டேன், எம்எம்சிஎக்ஸ் சுழலும் வசதி காதுக்கு நல்லது, ஆனால் சுழன்று சுழன்று நாளடைவில் தளர்ந்து ஒலி விட்டுவிட்டு வரத் தொடங்கியது. ரெசின் ஷெல்லோடு வந்த கேபிள் ஜாக் அருகே உள்ளே அறுந்து இடப்பக்கம் செத்துப்போனது. கழற்றக்கூடிய கேபிளாக இருந்ததால் வேறொன்று மாட்டி இயர்ஃபோன் பிழைத்தது. கழற்ற முடியாத கேபிள் உள்ளதை நீண்ட நாள் பயன்பாட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஃபோனில் ஜாக் இல்லாதவர்களுக்கு ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் (ஃபோனில் செருகி ஜாக் தரும் இணைப்பான்) மாதிரி சின்ன ஒன்றே பெரும்பாலான ஐஇஎம்களுக்குப் போதும். பல டிரைவர் உள்ளவை வாங்கினால் மட்டும் டாங்கிளின் வெளியீட்டு மின்தடை 1 ஓமுக்குப் பக்கத்திலோ கீழேயோ இருக்கிறதா என்று பாருங்கள், அது கூடினால் டோனே மாறிவிடும்.

பராமரிப்பில் ஒன்று மட்டும் முக்கியம். ஒரு பக்கம் மட்டும் மந்தமாகக் கேட்கத் தொடங்கினால் டிரைவர் போய்விட்டது என்று முடிவு கட்டாமல் டிப்பைக் கழற்றி, வெளிச்சத்தில் மூக்கின் வலையைப் பாருங்கள். எனக்கு வலப்பக்க வலையில் மெழுகு மெல்லிய படலமாக அப்பியிருந்தது. மூக்கு தரையைப் பார்த்தபடி பிடித்து, உலர்ந்த மிருதுவான பிரஷ்ஷால் மெதுவாகத் தட்டியதும் ட்ரெபிள் திரும்ப வந்தது. திரவம் எதையும் அதில் ஊற்ற வேண்டாம். டிப்பை மட்டும் தனியே சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காயவைத்து மாட்டலாம்.

இப்போது எனக்கு வேலை நேரத்துக்கும் பேச்சுக்கும் உலோக ஷெல், ராத்திரி உட்கார்ந்து பாட்டுக் கேட்க ரெசின் ஷெல். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் சின்ன ஷெல், ஒல்லியான மூக்கு, கழற்றக்கூடிய கேபிள் உள்ள ஒற்றை டைனமிக்கை வாங்குங்கள், திருப்பிக் கொடுக்க வசதி உள்ள இடத்தில். திருப்பும் கெடு முடிவதற்குள் ஒரு நாளாவது மூன்று மணி நேரம் கழற்றாமல் மாட்டியிருந்து பாருங்கள்.