பெயரை மறைத்த நாடு, பேச்சை அடைத்த நாடு

2019 மார்ச் 15 அன்று நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் இரண்டு பள்ளிவாசல்களில் துப்பாக்கிச் சூடு. 51 பேர் பலி. ஐந்து வாரம் கழித்து, ஈஸ்டர் ஞாயிறன்று இலங்கையில் தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் தற்கொலைக் குண்டுவெடிப்பு. 250-க்கும் மேற்பட்டோர் பலி. எதைச் சொல்வது, எதைத் தடுப்பது என்ற ஒரே கேள்விதான் இரண்டு அரசுகளுக்கும். பதில்கள் நேரெதிர்.

கிறைஸ்ட்சர்ச் கொலையாளி தன் வெறியாட்டத்தை 17 நிமிடம் ஃபேஸ்புக்கில் நேரலையாக ஓட்டினான். நேரலையில் பார்த்தவர்கள் 200 பேர்கூட இல்லை. ஆனால் முதல் 24 மணி நேரத்தில் 15 லட்சம் பிரதிகளை நீக்கியதாக ஃபேஸ்புக்கே சொன்னது. பிரிட்டனின் சில நாளிதழ்கள்கூடத் தங்கள் இணையதளங்களில் அதிலிருந்து துண்டுகளைப் போட்டன. அவன் விரித்த வலையில் விழுந்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்ன் நாடாளுமன்றத்தில் 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று பேச்சைத் தொடங்கினார். அவன் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன், இழந்தவர்களின் பெயர்களைச் சொல்லுங்கள் என்றார். அந்தக் காணொளியையும் அவன் எழுதி வெளியிட்ட வெறுப்பு அறிக்கையையும் வைத்திருப்பதே குற்றமாயிற்று. அதே சமயம் உளவுத்துறையும் காவல்துறையும் எங்கே தவறின என்று ஆராய ஒரு விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் அறிக்கை 2020 டிசம்பரில் மக்கள் கைக்கு வந்தது. மறைத்தது கொலையாளியின் மேடையைத்தான்.

இலங்கை அரசு ஃபேஸ்புக், வாட்ஸ்அப், யூடியூப், வைபர் எல்லாவற்றையும் ஒரு வாரத்துக்கு மேல் முடக்கியது. அந்த அச்சத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. 2018-ல் முஸ்லிம்களுக்கு எதிரான கண்டிக் கலவரத்தை வதந்திகள் ஊதிவிட்டதைப் பார்த்த நாடு அது. ஆனால் நடந்தது என்ன? உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்று விசாரிக்க வாட்ஸ்அப்பையே நம்பியிருந்தவர்களுக்கு வழி அடைபட்டது. விவரம் தெரிந்தவர்கள் தடையைத் தாண்ட உதவும் விபிஎன் செயலியைப் போட்டுக்கொண்டார்கள். தடை இருக்கும்போதே போலீஸார் தேடப்படுவோர் பட்டியலில் சம்பந்தமே இல்லாத ஓர் அமெரிக்க இளம்பெண்ணின் படத்தை வெளியிட்டு, பிறகு தவறு என்று ஒப்புக்கொண்டார்கள். வதந்தியை அடக்கக் கிளம்பிய அரசின் கையிலிருந்தே தப்பான முகம் ஊருக்குள் போனது! தடை நீங்கிய சில நாட்களில், மே மாதம், குருணாகல், புத்தளம் பகுதிகளில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. தாக்குதல் வரப்போகிறது என்று எச்சரித்த போலீஸ் கடிதம் ஏப்ரல் 11-லேயே எழுதப்பட்டிருந்தது. தாக்குதலுக்குப் பிறகு அதை ஓர் அமைச்சர் பொதுவெளிக்குக் கொண்டுவந்தது ட்விட்டரில். அதற்குத் தடை இல்லை. அதையும் அடைத்திருந்தால்?

எல்லாவற்றையும் காட்டினால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2008 மும்பைத் தாக்குதல். பயங்கரவாதிகள் பிடித்து வைத்திருந்த நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தின் மாடியில் கமாண்டோக்கள் இறங்கியதை நேரலையில் காட்டின சேனல்கள். பாகிஸ்தானில் உட்கார்ந்து தொலைபேசியில் ஆட்டுவித்தவர்களுக்கு அது துப்புக் கொடுத்தது. 2012-ல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாகக் கண்டித்தது.

அப்படியானால் நியூசிலாந்து வழிதானா? என் ஓட்டு அதற்குத்தான், ஒரு திருத்தத்தோடு. 2011-ல் 77 பேரைக் கொன்ற வலதுசாரித் தீவிரவாதியை 2012-ல் நார்வே திறந்த நீதிமன்றத்தில் விசாரித்தது. பெயர், வாதம், மனநிலை எல்லாம் அலசப்பட்டன. அவனுடைய வாக்குமூலத்தை மட்டும் ஒளிபரப்பவில்லை. முதல் வாரங்களில் பெயருக்கு இடம் கொடுக்காதீர்கள், சரி. ஆனால் அவன் எப்படி உருவானான் என்பது நீதிமன்றத்தில் வெளிச்சத்துக்கு வந்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் 2015-ல் வந்த கேபிள் டிவி விதி, பாதுகாப்புப் படை நடவடிக்கை முடியும்வரை நேரலையைத் தடுக்கிறது. அதற்கு அப்புறம் சேனல் பாடு. நியூசிலாந்தின் ஐந்து பெரிய ஊடக நிறுவனங்கள் வழக்கை எப்படி எழுதுவது என்று தாங்களே கூடி விதி வகுத்துக்கொண்டன. நம் சேனல்களும் இதற்கு அரசாணை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.